மகளுக்கு ஊசி, அம்மாவுக்கு?

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதற்கு 36 கோடி ரூபாய் என்றும் சொன்னது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், அந்த ஊசியின் முழுப் பலன் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் அவளுடைய அம்மாவுக்கு இதனால் பெரிதாக நன்மை கிடையாது. முப்பதைத் தாண்டிவிட்ட அவருக்கு இருக்கும் பாதுகாப்பு பரிசோதனை ஒன்றுதான். அதைச் செய்துகொண்ட அம்மாக்கள் எத்தனை பேர்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019-21) இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8%. மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 5.6%. கருப்பைவாய்ப் பரிசோதனையில் அகில இந்திய அளவு 1.9% என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லும்போதே, பத்தில் ஒன்பது பெண்கள் ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசின் இந்தப் பரிசோதனை நேற்று தொடங்கிய திட்டமும் அல்ல. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007இல் முன்னோடியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அப்படியும் பெண்கள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால், “மக்களிடம் விழிப்புணர்வு இல்லை” என்ற பதில் தயாராக இருக்கிறது. கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டு நாமும் நம்பிவிட்டோம். நான் இதை ஏற்கவில்லை. ஏற்காததற்கான சான்று வெளிநாட்டில் இல்லை, திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

திண்டுக்கல் காட்டிய வழி

2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக நல மருத்துவமனையும் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும், பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியது அது. டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் தலைமையிலான குழு அதன் முடிவுகளை 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது.

30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் வந்தவர்கள் 31,343 பேர். அதாவது, ஏறத்தாழ 64%. கைப்பேசி பரவாத காலம் அது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்தும் அன்று கிடையாது. படிப்பறிவும் இன்றைக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. அந்த நாளில் நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர் வந்த இதே தமிழ்நாட்டில், இருபது ஆண்டுகள் கழித்து நூற்றுக்குப் பத்துப் பேர்தான் பரிசோதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றால், குறையைப் பெண்களின் அறியாமையில் தேடுவது நியாயம் ஆகாது.

அங்கே நடந்த பரிசோதனை மிக எளிமையானது. சமையல் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பையின் வாய்ப்பகுதியில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். திசுவில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியரே செய்தார். சந்தேகம் வந்த பெண்களுக்கு அந்த வருகையிலேயே உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்த்து, சிறு துளி சதையும் ஆய்வுக்கு எடுத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறைகுளிர்ச் சிகிச்சையும் தரப்பட்டது. அதையும் செவிலியர்களே செய்தார்கள்.

ஒரே ஒருமுறை செய்த இந்தப் பரிசோதனையால், ஒப்பீட்டுக் குழுவைவிட நோய் வருவது 25%, நோயால் இறப்பது 35% குறைந்தது.

அந்த ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியும் பேசியாக வேண்டும். 30,958 பெண்களுக்கு ஆய்வின் பொருட்டு இந்தப் பரிசோதனை தரப்படவில்லை. வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. இது அறமா என்ற கடுமையான விவாதம் பின்னாளில் மருத்துவ உலகில் எழுந்தது. அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்க முடியாது. நம் கிராமத்துப் பெண்களின் உயிரைக் கொண்டு பெறப்பட்ட அறிவு அது. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

வராததற்கு அவரவர் காரணம்

கருப்பைவாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. எச்பிவி கிருமி தொற்றி, அது உடலைவிட்டுப் போகாமல் தங்கி, புற்றாக மாறுவதற்குப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த நீண்ட இடைவெளியில் எப்போது பார்த்தாலும் பிடித்துவிடலாம். ஆனால், அந்த இடைவெளி முழுவதும் வலி இருக்காது, தொந்தரவும் இருக்காது. “எனக்கு என்ன நோவு? நல்லாத்தானே இருக்கேன்” என்று ஒரு பெண் சொல்வது இயல்பு. தொந்தரவு இல்லாதவர் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றால், வருவது அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பரிசோதனை நடப்பது பகல் வேளையில். அந்த வேளையில் அவர் நூறு நாள் வேலையில் இருப்பார், அல்லது களையெடுக்கப் போயிருப்பார், திருப்பூர் பக்கமென்றால் பனியன் கம்பெனியில் இருப்பார். மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்றாலும் அன்றைய கூலியை யாரும் தருவதில்லை.

அடுத்தது கூச்சம். திரை இல்லாத அறை, கதவைத் திறந்துகொண்டு யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம், ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற தயக்கம். பிரசவத்துக்குப் பிறகு அந்த மேசையில் ஏறவே கூடாது என்று முடிவெடுத்த பெண்கள் நம்மிடையே ஏராளம். பிரசவ அறைகளில் அவர்கள் கேட்ட ஏச்சுப்பேச்சுக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பு உண்டு. இதைச் சுகாதாரத் துறை தன் குறையாக எடுத்துக்கொண்டு பேசி நான் கேட்டதில்லை.

கிருமி உடலுறவு வழியாகப் பரவுவது என்று தெரிந்ததும் இன்னொரு சுவர் எழும்பிவிடுகிறது. பரிசோதனைக்குப் போனாலே நடத்தையைச் சந்தேகிப்பார்களோ என்ற அச்சம். பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் தொற்றக்கூடிய, பெரும்பாலும் தானாகவே போய்விடக்கூடிய கிருமி இது. ஒரே கணவரோடு வாழ்ந்தவருக்கும் வரும். இதை வெளிப்படையாகச் சொல்ல நம் விளம்பரப் பலகைகள் கூச்சப்படுகின்றன.

கணவரை இழந்தவர்களும் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களும் “இனி நமக்கு எதுக்கு?” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நாற்பது, ஐம்பது வயதுகளில்தான் இந்த நோய் அதிகமாக வெளிப்படுகிறது என்பதால், அதிகம் தேவைப்படுபவர்களே இப்படி விட்டுப்போகிறார்கள்.

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின் பல்லாண்டுக் கணக்கைக் காட்டி, இந்த நோய் குறைந்துகொண்டுதானே வருகிறது என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். சென்னையில் மார்பகப் புற்றுநோய் இதை முந்திவிட்டது. ஆனால், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் வருகிறது. சுமார் 80 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். தானாகக் குறையும் என்று காத்திருப்பதற்கு இது சிறிய எண்ணிக்கை அல்ல.

“பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டாங்க”

வராதவர்களைப் பற்றியே பேசுகிறோம். வந்த பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பது அதைவிட முக்கியம். என் பார்வையில் இந்தத் திட்டம் தோற்கும் இடம் இதுதான்.

திண்டுக்கல் ஆய்வில் பரிசோதித்த பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. சிலருக்கு முந்தைய நிலை மாற்றம், பலருக்கு வெறும் அழற்சி. ஆனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாசிட்டிவ் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரும் பெண்ணின் காதில் ஒன்றுதான் விழும்: கேன்சர்.

பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் வீட்டில் சொல்ல வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், இரண்டு மூன்று நாள் கூலி போகும். போனால் வரிசை. “டாக்டர் இன்னைக்கு லீவு, புதன்கிழமை வாங்க.” புதன்கிழமை போனால் சதைத் துணுக்கை எடுத்துவிட்டு, முடிவுக்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இந்த வழியில் எந்தத் திருப்பத்தில் வேண்டுமானாலும் அவர் நின்றுவிடலாம். பலர் நின்றுவிடுகிறார்கள். அவர் திரும்பிவராதது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். பாதி வழியில் கைவிடப்பட்ட ஒரு பெண் பத்துப் பேரின் வருகையைத் தடுத்துவிடுகிறார்.

ஆகவே, பங்கேற்பை உயர்த்துவதும் சிகிச்சையை அருகில் கொண்டுவருவதும் தனித்தனி வேலைகள் அல்ல. பார்த்த அன்றே சிகிச்சை என்பதுதான் திண்டுக்கல் ஆய்வின் முதுகெலும்பு. இன்று அதற்கு, உறைகுளிர்ச் சிகிச்சைக்கான வாயு உருளையைச் சுமந்துகொண்டு போகக்கூட வேண்டியதில்லை. மின்கலத்தில் இயங்கி, மாற்றமடைந்த திசுவை வெப்பத்தால் நீக்கும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. ஒருமுறை வைத்தெடுக்க ஒரு நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2019லேயே இந்த முறைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

பரிசோதனை ஆட்களைத் தேடிப் போன இடங்கள்

மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு இதேபோல முக்கியமானது. டாக்டர் சுரேந்திர சாஸ்திரி வழிநடத்திய அந்த ஆய்வில் பரிசோதித்தவர்கள் செவிலியர்கள்கூட இல்லை. பத்தாம் வகுப்புப் படித்த, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் பகுதி பகுதியாகப் போய்ப் பரிசோதித்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 31% குறைந்தது. அழைக்கப்பட்ட பெண்களில் வந்தவர்கள் ஏறத்தாழ 89%.

வேறொரு புற்றுநோய், வேறொரு நாடு; ஆனால் பாடம் ஒன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஏழ்மையான பகுதிகளில் நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிய 2016இல் ஒரு முயற்சி நடந்தது. 55 முதல் 74 வயது வரையிலான, புகைப்பழக்கம் உள்ள அல்லது முன்பு இருந்தவர்களுக்கானது. மருத்துவமனைக்கு வாருங்கள் என்று கூப்பிடாமல், ஸ்கேன் கருவி பொருத்திய வண்டியைக் கடைவீதி வளாகங்களின் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அழைப்பில் ‘நுரையீரல் நலப் பரிசோதனை’ என்றுதான் சொன்னார்கள். புற்றுநோய் என்ற சொல்லைக் கொண்டு மிரட்டவில்லை. புகைத்ததற்காக யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஸ்கேன் எடுத்தவர்களில் 33 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் புற்றுநோய் தெரியவந்தது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஆரம்பநிலையில் இருந்தன. நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவருவது என்பதால் இது பெரிய செய்தி. அந்த அனுபவத்தின்மேல்தான் இங்கிலாந்தின் இன்றைய நுரையீரல் பரிசோதனைத் திட்டம் வளர்ந்திருக்கிறது.

நுரையீரலுக்கு இங்கே உடனடியாக ஸ்கேன் வண்டி கேட்கவில்லை. காசநோய்த் தழும்புகள் இவ்வளவு அதிகம் உள்ள நம் மக்களிடம் அது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும். கேட்பது, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வினிகர் பரிசோதனையை அந்த அக்கறையோடு நடத்த வேண்டும் என்பதைத்தான்.

தமிழ்நாடு அரசு இந்தத் திசையில் நகரவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான ஒருங்கிணைந்த பரிசோதனை தொடங்கப்பட்டது. தகுதியுள்ளவர்களை வீட்டிலேயே சந்தித்து அழைக்கும் முறை அது. சரியான தொடக்கம். அழைப்போடு நிற்காமல் சிகிச்சை வரைக்கும் அது கூடவே வருகிறதா என்பதே கேள்வி.

இனி செய்ய வேண்டியவை

முதலில், பரிசோதனை வேளையை மாற்றுங்கள். வாரத்தில் ஒருநாள் மாலை, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்ப சுகாதார நிலையம் பெண்களுக்கு மட்டும் திறந்திருக்கட்டும். அன்று உள்ளே பெண் பணியாளர்கள் மட்டுமே இருக்கட்டும். நூறு நாள் வேலை நடக்கும் ஊர்களில் பரிசோதனை நாளைக் கூலியோடு கூடிய வேலை நாளாகக் கணக்கில் வைக்க மத்திய, மாநில அரசுகள் பேசி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் இருக்கும் மாவட்டங்களில் தொழிற்சாலை வளாகத்துக்கே செவிலியர் குழு போகலாம். ஆனால், முடிவு முதலாளியின் கைக்குப் போகவே கூடாது.

இரண்டாவது, தானே மாதிரி எடுத்துக்கொள்ளும் எச்பிவி சோதனை. சிறு தூரிகையைக் கொண்டு பெண் தானே கழிவறையிலோ வீட்டிலோ மாதிரி எடுத்துத் தரலாம். மேசையில் ஏற வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம். முடிவும் வினிகர் சோதனையைவிடத் துல்லியமானது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் எச்பிவி சோதனையைத்தான் முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. 30 வயது முதல் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். மலேசியாவில் ‘ரோஸ்’ என்ற திட்டத்தில் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தருகிறார்கள். முடிவு அவர்களுடைய கைப்பேசிக்கே போகிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் இந்த வாய்ப்பை எல்லாப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. செலவு அதிகம் என்பது இதுவரை நமக்கு இருந்த தடை. காசநோயைக் கண்டறியப் பயன்படும் ட்ரூநாட் கருவியிலேயே செய்யக்கூடிய எச்பிவி சோதனையும் இந்தியாவிலேயே உருவாகிவிட்டது. மொத்தக் கொள்முதலில் விலையைக் குறைக்கத் தெரிந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இது புதிய வேலை இல்லை.

மூன்றாவது, கொண்டுபோய்க் கொடுக்க ஆட்களைத் தேட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள், ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்த அக்கா எப்போது இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பையில் இந்தத் தூரிகைப் பெட்டியும் சேரட்டும். அதற்கேற்ப அவர்களுடைய ஊக்கத்தொகையும் உயர வேண்டும். புதிய சுமையைப் பழைய தொகைக்கே ஏற்றினால் திட்டம் நிலைக்காது.

நான்காவது, அழைப்பு பெயர் சொல்லிப் போக வேண்டும். மகளிர் உரிமைத் தொகை பெறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் விவரம் அரசிடம் இருக்கிறது. முப்பது வயது நிறைந்தவர்களுக்கு, வரவேண்டிய இடம், நாள், நேரம் குறித்த அழைப்பு போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பரிசோதனை செய்தால்தான் தொகை என்ற பேச்சு மறைமுகமாகக்கூட எழக்கூடாது. வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு இருக்க வேண்டும்.

ஐந்தாவது, வட்டாரத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது வெப்பச் சிகிச்சைக் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த இரண்டு செவிலியர்களும் வேண்டும். பரிசோதனை, சிகிச்சை இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும். அதற்கு மேல் போக வேண்டியவர்களை அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடாமல், கூடவே ஒரு தன்னார்வலரை அனுப்ப வேண்டும்; பயணத்தையும் அன்றைய கூலியையும் ஈடுசெய்ய வேண்டும். பாசிட்டிவ் என்றால் கேன்சர் இல்லை என்பதை, பரிசோதனைக்கு முன்பே, அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி விளக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கின்படி, 2030க்குள் 70% பெண்கள் 35 வயதிலும் மறுபடி 45 வயதிலும் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நோய் கண்டவர்களில் 90% பேர் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அந்த இலக்குக்கும் நமக்கும் உள்ள தூரத்தை மக்கள் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். இன்று வெளியாகும் அறிக்கைகள், எத்தனை லட்சம் பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் மாதந்தோறும் நான்கு எண்களைத் தன் பலகையில் எழுதி வைக்கட்டும்: அழைக்கப்பட்டவர்கள், வந்தவர்கள், பாசிட்டிவ் ஆனவர்கள், சிகிச்சை முடித்தவர்கள். பெயர் வேண்டாம், எண் போதும். இதற்கு ஆணையோ நிதியோ வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில், தங்கள் ஊருக்குரிய அந்த நான்காவது எண்ணைச் சொல்லும்படி எந்தப் பெண்ணும் எழுந்து கேட்கலாம்.